நின்ற இடத்தில் ஓடிய வண்டி

"மறுபடியும் எரியுது, பாருங்க!"

வசுமதி டாஷ்போர்டைக் காட்டினாள். இன்ஜின் படம் போட்ட சின்ன மஞ்சள் விளக்கு. இதே விளக்குக்காகப் பூஞ்சேரி கூட்ரோட்டில் இருக்கும் கோதண்டராமனின் ஒர்க்‌ஷாப்புக்கு அவள் வருவது இது மூன்றாவது தடவை.

கோதண்டராமன் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்.

"அதே கோளாறுதான் மேடம். பிளக்ல கரி புடிச்சிக்கீது. இன்ஜின் அடைச்சு அடைச்சு ஓடுது."

"போன மாசம்தானே பிளக் மாத்தினீங்க? பெட்ரோல் சரியில்லையோ?"

"பங்க்கயும் மாத்திப் பாத்துட்டீங்களே. காயில் பாத்தாச்சு, இன்ஜெக்டர் பாத்தாச்சு…"

யோசித்துக்கொண்டே டிஸ்பிளேயில் ஒரு பொத்தானைத் தட்டினார். புருவம் உயர்ந்தது.

"சராசரி வேகம் பதினாலுன்னு காட்டுது. தெனம் எங்க மேடம் போறீங்க?"

"செங்கல்பட்டு கோர்ட்டுக்கு. போக வர அறுபது கிலோமீட்டர்."

"அப்ப ஒன்றரை மணி நேர ஓட்டம். ஆனா இந்தக் கணக்குப்படி இன்ஜின் தெனம் நாலு மணி நேரத்துக்கு மேல ஓடிக்கினு கீது. வண்டி நின்ன எடத்துலயே ஓடுது மேடம். அப்டி ஓடினா கரி புடிக்காம இன்னா பண்ணும்?"

வசுமதிக்குப் புரிந்துவிட்டது. அவள் கோர்ட்டுக்குள் இருக்கும் நேரம் முழுக்கச் சாவி டிரைவர் தீனதயாளனிடம்தான் இருக்கும்.

எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டாள்.

"தீனா, நான் உள்ளே போனதும் ஏசி போட்டுட்டு உட்கார்ந்திருக்கியா?"

தீனதயாளன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்மா. வெயிலு தாங்கல. அதான்…"

"தினமுமா?"

"தெனமும்தாம்மா."

இல்லை என்று சாதித்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை எரிச்சல் வந்திருக்காது.

"மத்த டிரைவருங்க எல்லாம் மரத்தடியில உட்காரலையா? உனக்கு மட்டும் என்ன தனி வெயில்?"

"பாத்துக்கறேம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

கோதண்டராமன் பிளக்கை மாற்றி விளக்கை அணைத்துக் கொடுத்தார். "நிறுத்தி வெச்சு ஓட்டாதீங்க. அவ்ளோதான் வைத்தியம்."

எட்டே நாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. வசுமதி பார்த்தாள். அவள் பார்த்ததைத் தீனதயாளனும் பார்த்தார். 

ஏழு வருஷமாக அவளிடம் வண்டி ஓட்டுகிறவர். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தனியாக அழைத்துவர அவரை மட்டும்தான் நம்பியிருந்தாள். ஏசி போட்டுக்கொண்டது கூடப் பெரிதில்லை. பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் அதையே செய்திருக்கிறாரே, அதுதான் பொறுக்கவில்லை.

கோர்ட்டுக்குள் போனதும் ஜூனியரிடம் சொல்லிவிட்டாள். "நல்ல டிரைவர் யாராவது இருந்தா பாரும்மா. ஒண்ணாம் தேதியிலிருந்து வேணும்."

ஆனால் ஏழு வருஷம் ஓட்டியவரை வெறும் சந்தேகத்தில் அனுப்ப மனசு வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டால் பேச்சுக்கே இடமிருக்காது. சாயங்காலம் வரை வெளியே தலைகாட்டாதவள், அன்றைக்குப் பன்னிரண்டு மணிக்கே கறுப்பு கோட்டோடு இறங்கி வந்தாள்.

ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக வண்டி நின்றிருந்தது. கண்ணாடிகளில் எல்லாம் திரை. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. ஏசித் தண்ணீர் கீழே சொட்டிக் குட்டையாகத் தேங்கியிருந்தது.

நன்றாகத் தூங்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேகமாக நடந்தவள், பாதியில் நின்றுவிட்டாள்.

தீனதயாளன் வண்டிக்குள் இல்லை. பத்தடி தள்ளி, கொளுத்தும் வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

அப்படியென்றால் உள்ளே யார்?

வசுமதி பின்கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரு இளம்பெண் பதறிப்போய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மடியில் மூன்று மாதக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. முன்சீட்டைச் சாய்த்துப் போட்டு, முழங்கால் வரை கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஒரு பெரியம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேருமே வசுமதியின் கட்சிக்காரர்கள். இந்தப் பெண் திவ்யா, ஜீவனாம்ச வழக்கு. அந்த அம்மா செல்லம்மா. லாரி மோதிய வழக்கு. பத்து மணிக்கெல்லாம் கோர்ட்டில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி வரவழைத்தவள் வசுமதிதான். மூன்று மணிக்கு முன்னால் இரண்டு கேஸையும் கூப்பிட மாட்டார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுவரை அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

"கேஸு கூப்ட்டாங்களா மேடம்?" திவ்யா அவசரமாக எழப் பார்த்தாள்.

"இல்லம்மா… நீ உட்காரு."

திவ்யாவுக்கு மூச்சு வந்தது. குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"உங்கள நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு இருந்தேன் மேடம். கைப்புள்ளக்காரங்க, முடியாதவங்க யாரு வந்தாலும் ஏசி போட்டு வண்டியில உக்கார வெக்கணும்னு நீங்கதான் கண்டிசனா சொல்லிக்கீறீங்களாமே, தீனா அண்ணன் சொல்லிச்சு!"