சிங்காரம் வீட்டுக் கணப்பு

மலையடிவாரத்தில் வளை தோண்டிக் குடியிருந்த பெருச்சாளி சிங்காரம், குளிர்காலம் பிறந்ததும் நெருப்பில் குளிர்காய வீட்டுக்கு ஒரு ஜெல் கணப்பு வாங்கி வைத்தது. டப்பாவில் இருக்கும் ஜெல்லைப் பற்றவைத்தால் போதும். விறகும் வேண்டாம், புகைபோக்கியும் வேண்டாம். காற்றுக்கு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, சிங்காரம் கணப்பின் முன்னால் பெருமையாக உட்கார்ந்தது.

ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. புகையே வராததால் கணப்பு வாங்கிய சேதி ஊருக்குத் தெரியவில்லை. சிங்காரத்துக்கு உடம்பு சூடானதே தவிர, மனசு குளிரவில்லை. பொறுக்கமாட்டாமல் பக்கத்து வளை முயல் மாசிலாமணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது.

"பாருங்கண்ணே, நெருப்பு!"

மாசிலாமணி உற்றுப் பார்த்தது. "கண்ணு எரியல, இருமல் வரல. இது எந்த ஊரு நெருப்பு தம்பி? டிவில படம் ஓடுற மாதிரி இருக்கு."

"நெசமான நெருப்புண்ணே!"

"உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க," என்ற மாசிலாமணி, அதை நிரூபித்துக் காட்டத் தன் குட்டை வாலைச் சுடருக்கு மேல் நீட்டியது.

குபுகுபுவென்று புகை கிளம்பியது. மாசிலாமணி அலறியபடி ஓடித் தண்ணீர்ப் பானைக்குள் உட்கார்ந்துகொண்டது. ஜன்னல் வழியாகப் புகை வெளியே போனதும் மலையடிவாரமே திரண்டு வந்துவிட்டது.

"அடேயப்பா, சிங்காரம் வீட்டுல கணப்பு!" என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கீரியின் மனைவி கீரியை முறைத்தாள்.

சிங்காரம் பூரித்துப் போனது. கூட்டம் கலைந்ததும் பானையருகே போய் மெல்லக் குனிந்தது.

"அண்ணே, நாளைக்கு என் மாமியார் வீட்டுக்காரங்க வர்றாங்க. ஒரு நிமிஷம் வந்துட்டுப் போறீங்களா?"