கழுத்துப் பட்டை

ஒரு தீவில் ஆமைகளுக்கான புல்லை ஆடுகள் மேய்ந்துவிடுகின்றன என்று மனிதர்கள் ஆடுகளைச் சுட ஆரம்பித்தார்கள். ஒரு பெட்டை ஆட்டை மட்டும் பிடித்து, கழுத்தில் பட்டை ஒன்றை மாட்டி, தடவிக்கொடுத்து அவிழ்த்துவிட்டார்கள்.

அது ஒரு மந்தையைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே ஹெலிகாப்டர் வந்தது. மேலிருந்து சுட்டார்கள்; பட்டை மாட்டிய ஆட்டைத் தவிர எல்லா ஆடுகளும் செத்து விழுந்தன. வேறு மந்தைக்குப் போனது. அங்கேயும் அதே கதைதான்.

"என்னை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?" என்று ஆடு ஓர் ஆமையிடம் அழுதது.

"நீ இருக்கும் இடத்தை அந்தப் பட்டை காட்டிக்கொடுக்கிறதாம். அவர்கள் பேசிக்கொண்டார்கள்," என்றது ஆமை. "எல்லாம் எங்களுக்காகத்தானாம். எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை."

ஆடு பட்டையைப் பாறையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தது. கழுத்துதான் புண்ணானது. பிறகு, யாரும் வராத ஒரு மொட்டைக் குன்றில் ஏறித் தனியாகப் படுத்துக்கொண்டது.

ஒருநாள் தாயில்லாத குட்டி ஒன்று கத்திக்கொண்டே அங்கு வந்தது.

"கிட்டே வராதே, போ!" என்று ஆடு முட்டித் தள்ளியது.

"எனக்கு வேறு யாரும் இல்லையே," என்று குட்டி அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. ஆடு குட்டியை உதறிவிட்டு ஓடியது. விளையாட்டு என்று நினைத்து, குட்டியும் துள்ளிக்கொண்டே பின்னால் ஓடியது.