மரியாதை

பிளாஸ்டிக் டம்ளர் கதவில் மோதி உருண்டது. பின்னாலேயே அப்பாவின் குரல்.

"போடி வெளியே! மூதேவி! சொன்ன பேச்சு கேக்கத் தெரியுதா உனக்கு?"

அக்கா வெளியே வந்தாள். நைட்டியின் முன்பக்கம் முழுக்கப் பால். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் இடுப்பு பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இனி எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லி டாக்டர் மாட்டிவிட்ட பெல்ட். அப்பாவின் எடை எழுபது கிலோ.

கதவிடுக்கில் அவன் தலை தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நொடி அப்பாவின் குரல் அப்படியே இறங்கி, தேன் தடவியதுபோல் வந்தது.

"தம்பி…"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவனுக்குப் பிடிக்காது.

வீட்டில் அவனுக்குப் பெயரே அதுதான். அக்காவுக்குத் தம்பி, அதனால் அம்மாவுக்கும் தம்பி, அப்பாவுக்கும் தம்பி. சான்றிதழில் வேறொரு பெயர் இருந்தது. படிப்பைப் பாதியில் விட்ட பிறகு அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

"மூணு வருஷமா பீ மூத்திரம் அள்ளுறவ மூதேவி. வாரத்துக்கு ஒரு நாள் வந்து வாழைப்பழம் உரிச்சுக் கொடுக்கிறவன் தம்பி. நல்லா இருக்குடா நியாயம்."

"அவரு தெரிஞ்சா திட்டுறாரு, அக்கா?"

"உன்னைத் தெரியுதே. உன்னை மட்டும் எப்படித் தெரியுது?"

பதில் அவனுக்குத் தெரியும். எட்டு மாதமாகச் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையில் முதியோர் இல்லத்தின் படிவம் கிடந்தது. அங்கே ஒரு கட்டில் காலியாகியிருந்தது. எப்படிக் காலியானது என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. நாளைக் காலைக்குள் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் கையெழுத்திட வேண்டும். இரண்டு கோடுகளும் வெறுமையாக இருந்தன.

அக்கா ஈரத்துணியால் நைட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை, நான் யாருன்னு அவருக்குத் தெரியட்டும். இதைக் கிழிச்சு அடுப்புல போட்டுடுறேன். முதுகு போனா போகட்டும். யாருன்னே தெரியாதவகிட்ட கிடக்கிறதுக்கு அங்க கிடந்தா என்ன?"

சொன்னால் செய்வாள். செய்து, ஆறே மாதத்தில் அவளும் படுத்துவிடுவாள். அது அவனுக்குத் தெரியும். ஒற்றை அறையில் இருப்பவன், ராத்திரி முழுக்கக் கிடங்கில் வேலை, பகல் முழுக்கத் தூக்கம். அவனால் அப்பாவைக் கூட்டிப்போக முடியாது. அதுவும் அவனுக்குத் தெரியும்.

"நீ போய்க் கேளு. உங்கிட்டதானே நல்லாப் பேசுறாரு."

அவன் உள்ளே போய், வழக்கம்போலக் கதவைச் சாத்தினான்.

அப்பா கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நாற்பது வருடம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்த கை, எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டியது.

"வாங்க தம்பி. உக்காருங்க. ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?"

எட்டு மாதத்துக்கு முன் அப்பா இப்படிக் கூப்பிடத் தொடங்கிய முதல் வாரமே அவனுக்குப் புரிந்துவிட்டது. கடைக்கு வருகிற அத்தனை இளைஞர்களும் அப்பாவுக்குத் தம்பிதான். அவர்களுக்கு மட்டும்தான் 'வாங்க', 'உக்காருங்க'. வீட்டுக்குள் அப்பா ஒருவரையும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. அவனைக் கொஞ்சினாலும் 'டா', செருப்பை எடுத்தாலும் 'டா'.

பாதி வார்த்தையை மட்டும்தான் அவன் அக்காவிடம் கொண்டுபோனான். "இன்னைக்கும் தம்பின்னு கூப்பிட்டாரு."

அப்பா கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சத்தம் கேட்டிருக்கும். மனசுல வச்சுக்காதீங்க. எம் பொண்ணுதான், பெரியவ. வெளியாளு முன்னால திட்டக் கூடாது. என்ன பண்றது? வேற யாரைத் தம்பி நான் திட்ட முடியும்?"

"பையன் இல்லையா, ஐயா?"

ஐயா என்று எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"இருக்கான். எங்கயோ ராத்திரி வேலையாம். ஆளையே காணோம்." கை நீண்டு அவன் கண்ணாடியைப் பூப்போலக் கழற்றியது. "நீங்க நேரா பாருங்க."

அவன் நேராகப் பார்த்தான். அப்பாவின் முகம் கலங்கலாகத் தெரிந்தது. கண்ணாடி இல்லாததால்தான்.

வெளியே வந்தபோது அக்கா அதே இடத்தில் நின்றிருந்தாள். துணி கையிலேயே இருந்தது.

"கேட்டியா? என்ன சொன்னாரு?"

ஒரே வார்த்தை. உள்ளே கேட்டதை அப்படியே சொன்னால் போதும். படிவம் அடுப்புக்குப் போகும், அவள் பால் டம்ளரை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போவாள், இந்த வாரம், அடுத்த வாரம், அவள் விழுகிற வரைக்கும். அவனும் இனி இந்த வீட்டில் தம்பி இல்லை.

இரண்டில் எதற்காக வாயைத் திறந்தான் என்று பிறகு எவ்வளவோ யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

"யாரு அந்தப் பொம்பளைன்னு கேட்டாரு, அக்கா."

அக்கா தலையாட்டினாள். தெரிந்ததுதான் என்பதுபோல இரண்டு தடவை. நாற்காலியை இழுத்து, முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து, பேனாவை எடுத்தாள்.

அவளுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் புருஷன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுத்தான் அவள் கையெழுத்திடுவாள்.

அன்று அப்பாவின் முதலெழுத்தைப் போட்டாள். போட்டதை அவள் கவனிக்கவில்லை.