காசுக்கு என்ன குடி?

"அந்த வெள்ளைக்காரக் கிழவன் திரும்பவும் மாத்திப்போட்டான்!" மட்டக்களப்பு புளியந்தீவு வீட்டில் கணினி முன் கத்தினாள் றஜிதா.

ஆயிரத்து முந்நூறு வருடப் பழைய ஆங்கில வெள்ளிக்காசுகளை இணையத்தில் இனம் பிரிப்பது அவளுடைய பொழுதுபோக்கு. காசின் ஒரு பக்கம் முகம், மறுபக்கம் ரூன் என்ற பழங்கால எழுத்து. அவள் முகத்தைப் பார்த்துப் பிரிப்பாள். பெயர் சொல்லாத அந்த ஆள் எழுத்தைப் பார்த்து மாற்றிவிடுவான்.

"காசைப் பாக்கிற நேரத்தில மாப்பிள்ளையைப் பாத்திருக்கலாம்," என்றாள் அம்மா பாலசுந்தரி.

'ஏன் மாற்றினீர்கள்?' என்று ஆங்கிலத்தில் சண்டைக்குப் போனாள் றஜிதா.

ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. 'முகம் தகப்பனைப் போல இருக்கலாம். எழுத்துத்தான் தாய். தாய் என்ன குடியோ, பிள்ளையும் அந்தக் குடி.'

றஜிதா திகைத்தாள். தாய்வழியில் குடி என்ற குலம் பார்ப்பது மட்டக்களப்பார் அல்லவா!

"நான் மட்டக்களப்பு. நீங்க எந்த ஊர்?" என்று தமிழில் தட்டினாள்.

"நானும் மட்டக்களப்புதான், ஆரையம்பதி. படிப்பிக்கிறன். வயசு முப்பது."

எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஒரே குடிக்குள்ள கலியாணம் செய்யேலாது மகள். முதல்ல அவர் என்ன குடியெண்டு கேளு!"

றஜிதா வெட்கத்தோடு விசைப்பலகையைத் தொடுவதற்குள் அவனே கேட்டுவிட்டான்.

"நீங்க என்ன குடி?"