கம்பியும் காற்றும்

சார்ஜ் ஏறுவதாக மின்னல் குறி காட்டுகிறது.

எண்ணோ இறங்குகிறது.

பதினெட்டு. பதினேழு.

அவள் கம்பியை அழுத்திப் பார்த்தாள். சரியாகத்தான் செருகியிருக்கிறது. போன் திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள்.

பதினாறு.

ஜீப்புக்கு முன்னால் மாட்டுவண்டிகள் சாலையை அடைத்துக்கொண்டு பறக்கின்றன. மூன்றாவது வண்டியில் வலப்பக்கம் பூட்டியிருப்பது செவலைக் காளை. அண்ணன் கன்றிலிருந்து வளர்த்தது. அது பந்தயத்தில் இறங்குமுன் அவன் சார்ஜாவுக்குப் போய்விட்டான்.

அது ஓடி அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

போன வருடம் காட்ட முயன்றாள். கேமரா ஜீப்பின் முகப்பில். போன் பின்சீட்டில் அவள் கையில். நடுவில் கண்ணாடி, இருக்கை, எட்டிப் பார்க்கும் தலைகள், கூட்டத்தில் ஆளுக்கொரு போன். புறப்படும் இடத்திலேயே படம் உறைந்துபோனது.

இந்த வருடம் அவன் ஒரு குட்டி ரவுட்டரை வாங்கி அனுப்பினான். அது முன்கண்ணாடியை ஒட்டி, முன்சீட்டில் இருக்கும் அவள் கைக்கெட்டும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேமரா. கேமரா படத்தை ரவுட்டருக்குத் தரும். ரவுட்டர் அதைக் கம்பி வழியே போனுக்குத் தரும். போன் கடல் தாண்டி அனுப்பும்.

கம்பிதான் உறுதி, என்ன ஆனாலும் கழற்றாதே என்று சொல்லியிருந்தான்.

உறுதிதான். இதுவரை ஒரு நொடிகூடப் படம் நிற்கவில்லை.

அதே ரவுட்டரோடு இணைத்து மடியில் கிடந்த டேப்லெட்டில் அவன் எழுத்து ஓடியது.

'வால முறுக்காதடா! அது தானா ஓடும்!'

வண்டி ஓட்டுகிறவனுக்குக் கேட்கும் என்ற நினைப்பு.

பதினொன்று.

கொடி நட்ட இடத்தில் வண்டிகள் திரும்பின. இன்னும் பாதி தூரம் இருக்கிறது. போன் அதுவரை தாங்காது.

அவள் கம்பியைக் கண்ணால் தொடர்ந்தாள்.

போனிலிருந்து ரவுட்டருக்கு. ரவுட்டரிலிருந்து ஜீப்பின் சார்ஜருக்கு.

அப்படியானால் போனுக்குக் கரண்டு தருவது ஜீப் இல்லை. ரவுட்டர். தான் குடித்ததில் கொஞ்சம் தருகிறது. அது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். படம் அனுப்பும் போன் செலவழிப்பது தண்ணீர் வெளியே போகும் மடை. வரத்துக்காலில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது. மின்னல் குறி பொய் சொல்லவில்லை.

கண்மாய்தான் வற்றுகிறது.

ஜீப்பின் சார்ஜரில் இன்னொரு துளை காலியாக இருக்கிறது. பெரிய வாய்க்கால், சும்மா கிடக்கிறது. ஆனால் போனுக்கு ஒரே வாய். அந்த வாயில் ரவுட்டரின் கம்பி.

எட்டு.

போன வருடம் படம் ஏன் நின்றது?

கம்பியில்லாமல் காற்றில் அனுப்பியதாலா?

கூட்டத்தில் தூரத்திலிருந்து கூப்பிட்டால் கேட்காது. காதோரம் சொன்னால் கேட்கும்.

காற்றின் மேல் குற்றமில்லை. தூரம்தான்.

அவள் தலையிலிருந்து ரப்பர் வளையத்தை உருவினாள். போனை ரவுட்டரின் முதுகோடு சேர்த்துக் கட்டினாள்.

ஜீப்பை ஓட்டிக்கொண்டே சேவுகன் திரும்பிப் பார்த்தார். அண்ணனின் கூட்டாளி.

"புடுங்காத தாயி. போன வருசம் மாதிரி ஆயிப்போகும். ஒங்கண்ணன் என்னையத்தான் வைவான்."

"வையட்டும்ணே. நீங்க பள்ளத்துல விடாம ஓட்டுங்க."

கழற்றினால் படம் போகும். திரும்பி வருமா, தெரியாது. கழற்றாவிட்டால் போன் சாகும். அது தெரியும்.

முன்னால் கண்மாய்க்கரை வளைவு. அங்கே வண்டிகள் கேமராவுக்குத் தெரியாது.

காத்திருந்தாள்.

ஏழு. ஆறு.

கடைசி வண்டியும் வளைவில் மறைந்தது. அண்ணன் இழக்கப்போவது கருவேலங்காட்டை மட்டும்.

கம்பியைப் பிடுங்கினாள்.

டேப்லெட்டில் எல்லாம் நின்றது.

சார்ஜரின் காலித் துளையில் வேறொரு கம்பியை மாட்டி, மறுமுனையைப் போனின் வாயில் செருகினாள். போனில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாள். வீட்டில் ஒருமுறை விளையாட்டாக இணைத்துப் பார்த்தது. ரவுட்டருக்கு நினைவிருக்க வேண்டும்.

ரவுட்டரின் விளக்கு சிமிட்டியது.

சிமிட்டிக்கொண்டே இருந்தது.

சேவுகன் ஒரு பள்ளத்தைச் சுற்றி ஜீப்பை ஒடித்தார்.

விளக்கு நிலைத்தது.

தேங்கிக் கிடந்த அவன் எழுத்தெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது.

'ஏத்தா.'

'ஏத்தா, படம் எங்க?'

'செத்துருச்சா?'

பிறகு,

'வந்துருச்சு! வந்துருச்சு!'

வளைவு திறந்தது. மூன்றாவதாக இருந்த வண்டி இப்போது இரண்டாவது. செவலை கழுத்தை நீட்டிவிட்டது. வாலை யாரும் முறுக்கவில்லை.

ஆறு.

ஆறு.

ஏழு.

அவள் தொடையில் ஓங்கித் தட்டினாள். சேவுகன் ஹாரனை அழுத்தியவர் கையை எடுக்கவில்லை.

புறப்பட்ட இடமேதான் எல்லைக்கோடு. அங்கே கூட்டம் சாலைக்குள் சரிந்தது. எல்லாக் கைகளிலும் போன்கள். போன வருடம் படம் செத்த அதே இடம்.

இந்த முறை படம் உறையவில்லை. அசைந்தது, ஓடியது, முழுதாக ஓடியது. முதல் வண்டிக்கு ஒரு மூக்களவு பின்னால் செவலை கோட்டைத் தாண்டி, நுரை வடிய நின்று, யாரோ முகத்தில் தண்ணீர் தெளிக்கத் தலையை உதறியதுவரை ஓடியது.

டேப்லெட்டில், படம் பார்த்த யார் யாரோ எழுதினார்கள்.

அவள் படத்தை நிறுத்தாமல் அப்படியே விட்டாள். செவலை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது. பத்து.

பிறகு அண்ணனின் வரி வந்தது.

'சார்ஜ் எப்புடித்தா ஏறுச்சு?'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

'கம்பியச் சார்ஜருக்குக் குடுத்துட்டேண்ணே. நெட்டக் காத்துல விட்டுட்டேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல கட்டி வச்சேன்.'