முகப்புக் கோட்டு

பெரிய மனிதர்கள் மட்டுமே படியேறிய துணிக்கடை அது. அதன் முகப்பில் கம்பளிக் கோட்டு ஒன்று ராஜாவாட்டம் தொங்கியது. யாராவது போட்டுப் பார்த்தால், "எங்கேயாவது பிடிக்குதுங்களா?" என்று சிப்பந்தி பணிவாகக் கேட்பார். உடனே கோட்டு வேண்டுமென்றே தோளை இறுக்கும்.

"இவருக்கென்ன குறைச்சல்?" என்று எதிரே நின்ற நிலைக்கண்ணாடி கேட்கும்.

"என்னைப் போட்டுக்க இவனுக்கு என்ன தகுதி இருக்கு?" என்று கோட்டு சிலுப்பிக்கொள்ளும்.

நாளாக நாளாக, கடையில் ஈ காக்கை இல்லை. தள்ளுபடிப் பலகை தொங்கியபோதும் கோட்டு இளகவில்லை. கடைசியில் கடையையே மூடினார்கள்.

கண்ணாடியை ஒரு சலூன்காரர் வாங்கினார். வழியில் உடையாமலிருக்க, யாரும் சீந்தாத கோட்டை அதன்மேல் சுற்றிக் கட்டினார்கள்.

வண்டி குலுங்கியது. கோட்டு மெல்லக் கேட்டது:

"எங்கேயாவது பிடிக்குதுங்களா?"