கரடி முதுகு

"ஆஸ்பத்திரி வண்டி வந்தாலும் சரி, போலீஸ் வண்டி வந்தாலும் சரி. ஒரு மீனாவது புடிக்காம இந்தக் கடலை விட்டு நகர மாட்டேன்" என்றார் தையல்காரர். சொன்னபோது அவர் கரடியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தார்.

கரடி அவருடைய சிநேகிதர். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். உடம்பெல்லாம் முடி, அதனால் வந்த பேர்.

தையல்காரருக்கு இரண்டு காலும் விழுந்து மூன்று வருடம். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அவரை முதுகில் ஏற்றிக் கடற்பாறைக்குக் கொண்டுவருகிறவர் கரடிதான். பின்னாலேயே தூண்டில் கம்புகளையும் இரை டப்பாவையும் தூக்கிக்கொண்டு சலூன்காரர் வருவார்.

இந்த வழக்கத்தில்தான் போன வாரம் தையல்காரரின் மகன் மண்ணைப் போட்டான். "வழுக்கி விழுந்து இடுப்பும் போச்சுன்னா யாருப்பா பாக்கிறது? இனிமே கடல் பக்கம் போனேன்னு தெரிஞ்சுது, போன் போட்டு ஆஸ்பத்திரி வண்டியை வரவழைச்சு அங்கேயே படுக்க வச்சிருவேன்."

ஆஸ்பத்திரி என்றாலே தையல்காரருக்கு ஆகாது. நடந்து போனவரைப் படுக்க வைத்துத் திருப்பி அனுப்பிய இடம் அது. அளவெடுக்காமல் கத்திரி வைக்கிற கூட்டம் என்பார்.

அதனால்தான் இன்று செவ்வாய்க்கிழமை, மகன் வேலைக்குக் கிளம்பிய கையோடு கரடி வாசலில் வந்து நின்று "ஏறுடா" என்றதும், அவர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. ஏறிக்கொண்டார்.

பாதி வழியில்தான் கேட்டார். "ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியலையாடா உனக்கு?"

"முடியல" என்றார் கரடி.

பாறைக்கு இறங்கும் படியில் ஒரு குலுக்கல். கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த தையல்காரரின் கை வழுக்கிச் சட்டைக்குள் போனது. நாற்பது வருடம் துணியைத் தொட்டே தரம் சொன்ன விரல்கள்.

"என்னடா இது, நெஞ்சு மொழுமொழுன்னு இருக்கு? கரடிக்கு முடி எங்கடா போச்சு?"

"வெயில் தாங்கல. இவன்தான் சும்மா இருக்கேன்னு வழிச்சு விட்டான்."

"இந்த வயசுல வழிச்சு யாருக்குடா காட்டப் போற?"

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் சலூன்காரரை நிறுத்த முடியாது. இன்று "பாசி இருக்கு, பாத்துக் கால வை" என்றதோடு சரி.

நடுப்படியில் கரடி நின்றுவிட்டார். மூச்சு இரைத்தது.

"என்ன, கனத்துட்டேனா?"

"நீ கனமில்ல. உன் வாய்தான் கனம்."

வழக்கமான பாறையில் படகு கட்டும் இரும்பு வளையத்துக்குப் பக்கத்தில் தையல்காரரை இறக்கி உட்கார வைத்தார்கள். அவர் இறாலை முள்ளில் கோத்தார், ஊசியில் நூல் கோக்கிற மாதிரி ஒரே தடவையில். தூண்டிலை வீசினார். அலை வந்து அவருடைய உணராத பாதங்களை நனைத்துவிட்டுப் போனது.

ஒரு மணி நேரம் ஒன்றும் கடிக்கவில்லை. சலூன்காரர் கடலைப் பார்க்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும்டா, கிளம்பலாம்."

"என் மகனுக்கு இவ்வளவு பயமா? நீ போ. உன் கடையில எவனாவது தாடியோட உக்காந்திருப்பான்" என்றார் தையல்காரர்.

"அவன் புடிக்கட்டும். புடிச்சிட்டுத்தான் எந்திரிக்கிறோம்" என்றார் கரடி.

அப்போதுதான் தூண்டில் நரம்பு இழுத்தது. அதே நேரம் மேலே ரோட்டில் வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. உச்சியில் சிவப்பு விளக்கு. நீலச்சட்டை போட்ட இரண்டு பேர் மடித்த ஸ்ட்ரெச்சரோடு படியில் இறங்கினார்கள்.

சொன்னபடி செய்துவிட்டான் பயல். எதிர்வீட்டுக்காரி போன் போட்டிருப்பாள். தையல்காரர் ஒரு கையை வளையத்துக்குள் முழங்கை வரை நுழைத்துக்கொண்டார். மற்ற கையில் தூண்டில் வில்லாக வளைந்தது.

"வாங்கடா, பாத்துக்கிறேன்."

"அங்க பாக்காத. மீனைப் பாரு" என்றார் கரடி. அவர் படிப் பக்கம் திரும்பவே இல்லை. "வெடுக்குனு இழுக்காத. விடு. விட்டுப் புடி. இப்ப சுத்து."

முழங்கை நீளக் கொடுவா ஒன்று பாறைமேல் வந்து விழுந்து துள்ளியது. கரடி அதை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "புடிச்சிட்ட. போதும்டா" என்றார். பிறகு சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

நீலச்சட்டைக்காரர்கள் பக்கத்தில் வந்து ஸ்ட்ரெச்சரை விரித்தார்கள். தையல்காரர் வளையத்தை விடவில்லை.

"என் மகன்கிட்ட போய்ச் சொல்லுங்க. இவன் முதுகுல வந்தேன், இவன் முதுகுலதான் திரும்பிப் போவேன். இன்னைக்கு மட்டும் இல்ல, வர்ற ஞாயிறும் வருவேன், அதுக்கடுத்த ஞாயிறும் வருவேன். உங்க தட்டுல படுக்கிற ஆள் நான் இல்ல. தூக்கிட்டுப் போங்க அதை."

சலூன்காரர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நீலச்சட்டைக்காரர்களில் மூத்தவர் குனிந்து பணிவாகத்தான் சொன்னார்.

"உங்களுக்கு இல்லைங்கய்யா. மத்தியானம் நெஞ்சு ஆபரேஷன், உங்களைத் தூக்கிட்டு வந்தவருக்கு."